வலி தெரிஞ்சிருக்காது, நிச்சயமா

3 பிப்ரவரி 2025, திங்கள்

இன்றும் தண்ணீர் வரவில்லை. வால்வு திறக்கிற ஆளை ரோட்டில் பார்த்துக் கேட்டேன். "பத்து மணிக்கு வந்துடும்க்கா, பக்கா" என்றான். பக்கா என்று சொல்லிவிட்டான் அல்லவா, உடனே குடத்தை எடுத்துக்கொண்டு மூலைக் குழாய்க்குப் போய்விட்டேன். "வந்தாலும் வரும்" என்று சொல்லியிருந்தால் வீட்டிலேயே காத்திருந்திருப்பேன். மர்பி டவுனில் பிறந்து வளர்ந்தவளுக்கு இது கூடத் தெரியாதா.

குடத்தை இறக்கி வைக்கும்போது போலீஸ்காரர் வந்தார். சம்மன். மார்ச் 12 கோர்ட்டுக்கு வர வேண்டும். கையெழுத்துப் போட்டேன். கஸ்தூரி என்று எழுதும்போது ஸ்தூ எப்போதும் போல இடித்தது.

ஹொசூர் ரோட்டில், அடுகோடி சிக்னல் தாண்டி, தண்ணி கேன் டெம்போ எங்கள் ஸ்கூட்டரில் மோதி ஒன்றரை வருஷம் ஆகிறது. என் வீட்டுக்காரர் அங்கேயே போய்விட்டார். எனக்கு இடுப்பெலும்பு. மறுநாள் காலையில் டெம்போ டிரைவர் நாகேஷ் என்பவர் தானாக ஸ்டேஷனுக்குப் போய் சரண்டர் ஆனாராம். அந்த நாகேஷ் இவர்தான் என்று நான் கூண்டில் ஏறி அடையாளம் காட்ட வேண்டும்.

போலீஸ்காரர் போகும்போது, "கண்டிதா பரபேக்கு" என்றார். கண்டிப்பாக வரவேண்டும். சரி சார் என்றேன்.

5 பிப்ரவரி, புதன்

ஒரு ஆளுக்கு எவ்வளவு ரசம் வைப்பது என்று இன்னும் கை படியவில்லை. மூன்று நாளாக ஒரே ரசம்.

9 பிப்ரவரி, ஞாயிறு

சந்திரம்மா வந்தாள். அவருடைய தங்கை. அடுகோடியில் இருக்கிறாள். அன்றைக்கு அவள் வீட்டில் சாப்பிட்டுவிட்டுத் திரும்பும்போதுதான் எங்களுக்கு அப்படி ஆனது. அதனால் அவளுக்குத் தனியாக ஒரு பாரம். என்னிடம் சொல்ல மாட்டாள். வரும்போதெல்லாம் ஏதாவது கொண்டு வருவாள். இன்று அவரைக்காய்ப் பருப்பு உரித்தே கொண்டு வந்தாள்.

அண்ணன் படத்துக்கு முன்னால் மெழுகுவத்தி ஏற்றி உட்கார்ந்தாள். அழுதாள். பிறகு எப்போதும் சொல்வதைச் சொன்னாள்.

"ஒரு நொடில போயிருக்கும் அண்ணி. வலி தெரிஞ்சிருக்காது, நிச்சயமா."

நானும் ஆமாம் என்றேன்.

இதை எத்தனை பேர் சொல்லிவிட்டார்கள். ஆஸ்பத்திரியில் ஸ்ட்ரெச்சர் தள்ளியவர் சொன்னார். பக்கத்து வீட்டு லட்சுமம்மா சொன்னாள், அவள் அன்றைக்கு ஊரிலேயே இல்லை. புத்த விகாரையிலிருந்து வந்தவர்கள் சொன்னார்கள். நான் சமைக்கப் போகிற வீட்டு அனுஷா, "டெஃபினெட்டா அவருக்கு எதுவும் ஃபீல் ஆகியிருக்காதுக்கா" என்றாள். எல்லோருக்கும் அத்தனை நிச்சயம். பக்கத்திலேயே கிடந்த எனக்குத் தெரியவில்லையே. நான் நினைவில்லாமல் கிடந்தேன்.

நல்ல மனசோடுதான் சொல்கிறார்கள். தெரியாதா எனக்கு. ஆனால் அவர்கள் அதைச் சொல்லிவிட்டு எழுந்து போனதும் வீடு இன்னும் பெரிதாகிவிடுகிறது.

நினைவோடு அங்கே இருந்தது ஒரே ஆள். ஓட்டியவர். அவரைப் பார்க்கும்போது ஒன்று கேட்க வேண்டும். திட்டுவதற்கு இல்லை. என் வீட்டுக்காரர் ஏதாவது சொன்னாரா, வலியில் கத்தினாரா, என்னைத் தேடினாரா. அது தெரிய வேண்டும். கோர்ட்டுக்கு வேறு எதற்காகவும் எனக்குப் போக வேண்டியதில்லை.

14 பிப்ரவரி, வெள்ளி

நஷ்டஈடு கேஸ் நடத்துகிற வக்கீல் கோவிந்தப்பா ஆபீஸ். சந்திரம்மாவும் கூட வந்தாள். சிவாஜிநகர் பஸ்ஸில் நின்றுகொண்டே போனோம், இடுப்பு விட்டுப் போயிற்று.

வக்கீல் தன் ஃபோனில் ஒரு படத்தைக் காட்டினார். "இவருதான் நாகேஷ். நல்லா பாத்துக்கோங்கம்மா."

பார்த்தேன். நாற்பத்தைந்து வயசு இருக்கும். முன் நெற்றி ஏறியிருக்கிறது. நரைத்த மீசை.

"இவரு பெரியவரா இருக்காரே சார். நான் பாத்த முகம் சின்ன வயசு மாதிரி..."

"மாதிரி சொல்லாதீங்க!" என்றார். "கோர்ட்டுல மாதிரி, போல, இருக்கலாம், நினைக்கிறேன், இதெல்லாம் வாயில வரக்கூடாது. கேட்ட உடனே, இவர்தான் சார், நிச்சயமா இவர்தான். அவ்ளோதான். அதுக்கு மேல ஒரு வார்த்தை வேணாம்."

"ஆனா நான் பாத்தது..."

"தலையில அடிபட்டு ரோட்டுல கிடந்தீங்க. அந்த நேரம் கண்ணுக்கு என்ன தெரியும்? அவரே ஒத்துக்கிட்டு வந்துட்டாரு. லைசென்ஸ் சரியா இருக்கு. இவருன்னா உங்க நஷ்டஈடு கேஸும் நேரா போகும். வேற யாரோன்னு கிளப்பினா அது வருஷக்கணக்குல இழுக்கும், கண்டிப்பா."

சந்திரம்மா என் கையை அமுக்கினாள். "சொல்லிடுவாங்க சார். கண்டிப்பா சொல்லிடுவாங்க."

வெளியே வந்ததும் டீ வாங்கிக் கொடுத்தாள். எனக்காக இவள் கண்டிப்பா என்று சொல்கிறாளே என்று நினைத்துக்கொண்டு குடித்தேன்.

15 பிப்ரவரி, சனி

நான் பார்த்தது என்ன? திரும்பத் திரும்ப எடுத்துப் பார்க்கிறேன்.

ரோட்டில் கன்னம் ஒட்டிக் கிடக்கிறேன். டெம்போ குறுக்கே நிற்கிறது. கதவுக் கண்ணாடி இறக்கியிருக்கிறது. ஒரு முகம். மீசை இன்னும் சரியாக முளைக்காத முகம். வாய் திறந்திருக்கிறது, ஏதோ சொல்கிற மாதிரி உதடு அசைகிறது, சத்தம் கேட்கவில்லை. என்னைத்தான் பார்க்கிறது. அப்புறம் ஒன்றுமில்லை.

இது டிரைவர் முகமா? அல்லது பிறகு வந்து எட்டிப் பார்த்த யாரோவா? ஆஸ்பத்திரியில் வந்த கனவா? ஒன்றரை வருஷமாக இந்த முகத்தோடுதான் தூங்கி எழுந்திருக்கிறேன். நேற்று வக்கீல் ஒரு வார்த்தை சொன்னதும் ஆட்டம் கண்டுவிட்டது. இன்று பாத்திரம் கழுவும்போது அந்த முகத்துக்கு நரைத்த மீசை வைத்துப் பார்த்தேன். வைத்தால் நிற்கிறது! பயந்துவிட்டேன். இன்னும் நாலு தரம் வைத்துப் பார்த்தால் அதுவே உண்மை ஆகிவிடும் போலிருக்கிறது.

வேண்டாம். வைத்துப் பார்க்கக்கூடாது.

16 பிப்ரவரி, ஞாயிறு

என் வீட்டுக்காரர் கண்டிப்பா என்று சொல்ல மாட்டார். இருபத்திரண்டு வருஷத்தில் நான் கேட்டதில்லை. "ஞாயித்துக்கிழமை பெயிண்ட் அடிச்சுக் கொடுப்பியா உத்தமா" என்று யாராவது கேட்டால், "பார்க்கலாம்" என்பார். ஞாயிறு காலை ஆறு மணிக்கு அவர்கள் வீட்டு வாசலில் பிரஷ்ஷோடு நிற்பார்.

எனக்குக் கோபம் வரும். பெண் பார்க்க வந்தபோதே அப்படித்தான். அப்பா, "பொண்ணு பிடிச்சிருக்கா தம்பி, நிச்சயமா?" என்று கேட்டார். இவர், "காபி நல்லா இருந்துச்சு மாமா" என்றார். எங்கள் வீட்டில் ஒருத்தருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. மறுநாள் அவர் அம்மாவைக் கூட்டிக்கொண்டு பூவோடு வந்து நின்றார்.

கல்யாணமான புதிதில் சண்டை போட்டிருக்கிறேன். "சத்தியமா என்னை விட்டுட்டுப் போக மாட்டேன்னு சொல்லு." அவர்கள் வீட்டில் புத்தரைக் கும்பிடுகிறவர்கள், சாமி மேல் சத்தியம் செய்கிற வழக்கமில்லை. "எந்த சாமி மேல பண்ணட்டும் கஸ்தூரி, எங்களுக்குத்தான் இல்லையே" என்று சிரிப்பார். கடைசி வரைக்கும் சொல்லவில்லை.

சொல்லாததும் நல்லதுதான். சொல்லியிருந்தால் இப்போது பொய்யாகியிருக்கும்.

23 பிப்ரவரி, ஞாயிறு

மத்தியானம் ஒரு பெண் கதவைத் தட்டினாள். முப்பத்தைந்து இருக்கும். கையில் ஒரு பையில் ஆப்பிள். "நான் மமதா. நாகேஷோட ஹெண்டத்தி" என்றாள். பெண்டாட்டி என்கிறாள். என்ன செய்வதென்று தெரியாமல் உட்காரச் சொல்லிவிட்டேன்.

என் வீட்டுக்காரர் படத்தைப் பார்த்தாள். தலையைக் குனிந்துகொண்டாள். பாதி கன்னடம் பாதி தமிழில் பேசினாள்.

"அக்கா, தப்பு ஆகிப்போச்சு. மன்னிச்சுடுங்க. எங்க மனுஷர்தான் ஓட்டுனாரு. கேரண்டி அவரேதான். நீங்க கோர்ட்டுல தைரியமா சொல்லுங்க. எங்களுக்கு ஒண்ணும் கோபம் இல்ல."

புருஷனைக் காட்டிக் கொடு என்று கேட்டு வந்து நிற்கிற பெண்ணை நான் கேள்விப்பட்டதே இல்லை. தண்ணீர் கொடுத்தேன். குடித்தாள்.

"அன்னிக்கு வீட்டுக்கு வந்து என்ன சொன்னாரு?" என்று கேட்டேன். மனசில் இருந்ததுதான், சூது எதுவுமில்லை. நடந்ததை வீட்டில் சொல்லியிருப்பார், என்னுடைய ஆளைப் பற்றி ஒரு வார்த்தை கிடைக்குமா என்று.

"ஒண்ணும் சொல்லல அக்கா. சாயங்காலமே வந்துட்டாரு. பாப்பாக்கு கணக்கு சொல்லிக் கொடுத்துட்டு இருந்தாரு. அப்புறம் ஓனர் ஃபோன் பண்ணி..."

நிறுத்திவிட்டாள். எங்களுக்கு மோதியது இருட்டின பிறகு. அவளும் அதை நினைத்திருப்பாள். தம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு இருந்தாள். தெருவில் வெங்காயம் விற்கிறவன் இரண்டு முறை போய்வந்தான்.

எழுந்து நின்று, "அவருதான் அக்கா. கண்டிதா" என்றாள். கண்ணில் தண்ணீர். "பாப்பா படிப்பு ஓனர் பாத்துக்கறேன்னு சொல்லியிருக்காரு" என்று வேறெங்கோ பார்த்துச் சொல்லிவிட்டுப் போனாள்.

ஆப்பிளை லட்சுமம்மா வீட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டேன்.

2 மார்ச், ஞாயிறு

இந்த வாரம் முழுக்க ஜனங்கள் பேசுவதைக் கவனித்துக்கொண்டே இருந்தேன். எனக்கு வேறு வேலை இல்லை, பேசுவதற்கும் ஆளில்லை.

அனுஷா அவள் அம்மாவிடம் ஃபோனில்: "கண்டிப்பா வரேன்மா, இந்த மாசம் ஷ்யூர்." வைத்துவிட்டு என்னிடம், "எங்கக்கா போறது, லீவே இல்ல" என்றாள். பிளம்பர்: "கேரண்டி மேடம், இனிமே ஒழுகாது." ஒழுகுகிறது. கேஸ் சிலிண்டர் கம்பெனியில்: "நாளைக்கு கன்ஃபார்ம்."

ஆனால் அனுஷாவின் குழந்தை விழுந்தபோது வாட்ச்மேன் ஓடி வந்து, "பாப்பா விழுந்துடுச்சு" என்றார். நிச்சயமா விழுந்துடுச்சு என்று சொல்லவில்லை. லட்சுமம்மா, "என் கால் வலிக்குது" என்கிறாள். வலிக்கிறவள் அதோடு நிறுத்திக்கொள்கிறாள்.

தெரிந்ததைச் சொல்ல ஒரு வார்த்தை போதும். ஓட்டை இருக்கிற இடத்தில்தான் ஜனங்கள் நிச்சயமா, கண்டிப்பா என்று அடைக்கிறார்கள். எல்லோருமா, எப்போதுமா? அது தெரியாது. ஏழாவது வரை படித்தவள் என்ன கண்டேன். அம்மா சாகக் கிடந்தபோது நான் அவள் காதில், "கண்டிப்பா சரியாயிடும்மா" என்றேன். அது பொய்யா? ஆசை. ஆசைக்கும் அதே சொல்தான் வைத்திருக்கிறார்கள்.

8 மார்ச், சனி

இடுப்பு வலி. பேச்சுத்துணைக்கு ரேடியோ.

11 மார்ச், செவ்வாய்

சந்திரம்மா வந்து என் புடவையை எடுத்து இஸ்திரி போட்டு வைத்தாள். நாளைக்கு உடுத்த. மனசு கேட்காமல் மமதா வந்ததைச் சொல்லிவிட்டேன்.

"அதுக்கு?" என்றாள்.

"அந்த நாகேஷ் ஓட்டல போலிருக்கு சந்திரா. ஓனர் வீட்டு ஆள் யாரோ..."

"யாரோ, போல, இருக்கு! வக்கீல் என்ன சொன்னாரு உங்களுக்கு? ஒருத்தன் வந்து நான்தான் பண்ணேன்னு நிக்கறான். அவன் ஜெயிலுக்குப் போகட்டும். எங்க அண்ணன் செத்ததுக்கு ஒருத்தனாவது உள்ள போக வேணாமா?"

"யாராவது ஒருத்தன் போனா போதுமா?"

"ஆமா போதும்! எனக்குப் போதும்!" கத்தினாள். பிறகு இஸ்திரிப் பெட்டியை அணைத்துவிட்டு மெதுவாக, "என் வீட்டுல சாப்ட்டுட்டுப் போகும்போது அண்ணி. என் வீட்டுல" என்றாள்.

கட்டிப்பிடித்துக்கொண்டேன். என் தோளில் மூக்கைச் சிந்தினாள். போகும்போது வாசலில் நின்று, "நாளைக்கு சொல்லிடுவீங்கல்ல?" என்று கேட்டாள்.

"பார்க்கலாம்" என்றேன். என் வாயில் அவர் சொல் வந்தது. அவளுக்குப் புரிந்ததா தெரியவில்லை.

12 மார்ச், புதன்

எழுதிவிட வேண்டும். நாளைக்கு வேறு மாதிரி ஞாபகம் வந்துவிடும்.

கோர்ட் வராந்தாவில் நாகேஷ் தூண் ஓரம் நின்றிருந்தார். வெள்ளைச் சட்டை. வக்கீலும் சந்திரம்மாவும் ஏதோ பேப்பருக்குப் போயிருந்தார்கள். கிட்டே போனேன். அவர் இரண்டு கையும் எடுத்துக் கும்பிட்டார்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கணும். அவரு கடைசியில ஏதாவது சொன்னாரா?"

கண்ணை என் மேல் வைக்கவே இல்லை. தரையைப் பார்த்தார். "உடனே உயிர் போயிடுச்சும்மா. வலி தெரிஞ்சிருக்காது. நிச்சயமா."

அதே வாக்கியம். லட்சுமம்மா சொன்னது, ஸ்ட்ரெச்சர் தள்ளியவர் சொன்னது, அதே. அங்கே இல்லாதவர்கள் எல்லோரும் சொன்னது. அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. இந்த ஆளும் அங்கே இல்லை.

"பாப்பா என்ன படிக்குது?" என்று கேட்டேன். அந்த ஆள் முகம் உடைந்துபோயிற்று. "ஏழாவது" என்றார்.

கூண்டில் ஏற்றினார்கள். சத்தியம் செய்யச் சொன்னார்கள், கன்னடத்தில் திருப்பிச் சொன்னேன். நீதிபதி ஒரு பெண். சர்க்கார் வக்கீல் எல்லாம் கேட்டுக்கொண்டு வந்து, நாகேஷைக் காட்டினார். அன்றைக்கு வண்டி ஓட்டியவர் இவர்தானா?

தலைக்கு மேல் ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. சந்திரம்மா பின்னால் உட்கார்ந்திருந்தாள், திரும்பவில்லை நான்.

"நான் பாத்த முகம் இவருது இல்ல" என்றேன்.

சர்க்கார் வக்கீல் மறுபடி கேட்டார். மறுபடி சொன்னேன். உங்களுக்கு அடிபட்டிருந்தது அல்லவா, சரியாகத் தெரிந்திருக்காது அல்லவா என்றார். அடிபட்டிருந்தது, ஆனால் பார்த்தேன் என்றேன். "கண்டிதனா?" என்று குரலை உயர்த்தினார். எனக்கு அந்தச் சொல்லை வாயில் எடுக்கப் பிடிக்கவில்லை. "இவரு இல்லைங்க" என்று மட்டும் சொன்னேன்.

நீதிபதி அம்மா பேனாவை வைத்துவிட்டுக் கேட்டார். "அப்போ யாரு?"

"தெரியாதும்மா. பாத்தா தெரியும்."

வெளியே வந்ததும் கோவிந்தப்பா ஃபைலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, "ஹாஸ்டைல் ஆயிட்டீங்க" என்றார். எதிர்சாட்சியாம். என் புருஷனுக்கு நான் எதிர்சாட்சியாம்.

சந்திரம்மா எனக்கு முன்னால் நடந்துபோய் ஆட்டோ ஏறிவிட்டாள். பஸ்ஸில் தனியாக வந்தேன்.

13 மார்ச், வியாழன்

சந்திரம்மா ஃபோன் எடுக்கவில்லை.

30 மார்ச், ஞாயிறு

யுகாதி. லட்சுமம்மா வேப்பம்பூ வெல்லமும் ஒப்பட்டுப் போளியும் கொண்டு வந்தாள். "ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயிருக்கலாம் கஸ்தூரி" என்றாள். தெருவுக்கே தெரிந்திருக்கிறது. நாகேஷுக்கு இப்போது ஓனர் மஞ்சுநாத் வேலை கொடுப்பதில்லையாம். மமதா என்னைச் சபித்துக்கொண்டிருப்பாள்.

நல்லது செய்தேனா? யாருக்கு? அவருக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை. சந்திரம்மாவுக்கு வேதனை. அந்தப் பாப்பாவின் படிப்பு என்ன ஆகும். எனக்கோ, கேட்க நினைத்ததைக் கேட்க ஆளே இல்லாமல் போயிற்று. அந்த முகம் இந்த ஊரில் எங்கேயோ சாப்பிட்டுக்கொண்டிருக்கிறது.

14 ஏப்ரல், திங்கள்

தெரு முழுக்க நீலக் கொடி. ஜெயந்தி ஊர்வலம் போயிற்று, தமட்டைக் கொட்டு, பெரிய ஸ்பீக்கர். வருஷா வருஷம் அவர்தான் மேடைக்குப் பெயிண்ட் அடிப்பார். சந்திரம்மா ஊர்வலத்தில் வந்தாள், வெள்ளைப் புடவை. நான் வாசலில் நின்றேன். என்னைப் பார்த்தாள். ஒரு நிமிஷம் நிற்பது போல இருந்தது. கூட்டம் தள்ளிக்கொண்டு போய்விட்டது.

உள்ளே வந்து கதவைச் சாத்தினேன். சாத்தினாலும் தமட்டை கேட்டது. அழுதேன்டா சாமி, நல்லா அழுதேன். யாரும் இல்ல, யாரும் இல்ல, இந்த வீட்டுல ஒரு ஈ காக்கா இல்ல.

27 ஏப்ரல், ஞாயிறு

மத்தியானம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். எதிர்ப்பக்கம் ஒரு பையன், கையில் ஹெல்மெட், வீட்டு நம்பர் தேடுகிற மாதிரி நின்றான். திரும்பினான்.

அவன்.

கையில் இருந்த ஈரப் புடவை அப்படியே கீழே விழுந்தது. மீசை இப்போது கொஞ்சம் வந்திருக்கிறது. அதே வாய்.

"ஆன்ட்டி" என்றான். நான் கதவைத் திறந்து வைத்தேன். உள்ளே வந்து தரையிலேயே உட்கார்ந்துவிட்டான், நாற்காலி இருந்தும்.

பரத். மஞ்சுநாத்தின் மகன். கல்லூரியில் படிக்கிறான். அப்போது பதினெட்டு கூட ஆகவில்லையாம், லைசென்ஸ் இல்லை. டிரைவர் சீக்கிரம் போய்விட்டாரே, கடைசி லோடை நான் போட்டுவிட்டு வருகிறேன் என்று சாவியை எடுத்தானாம். நடந்ததும் அப்பா ஃபோனிலேயே எல்லாம் முடித்துவிட்டாராம். "நீ வண்டியிலயே இல்ல, புரியுதா" என்றாராம்.

"அம்மா கோர்ட்டுல நடந்ததைக் கேட்டுட்டு வந்து சொன்னாங்க. பாத்தா தெரியும்னு சொன்னீங்களாமே. அதுல இருந்து தூக்கம் இல்ல ஆன்ட்டி."

நான் என்ன நினைத்திருந்தேன், இவனைக் கண்டால் கன்னத்தில் அறைவேன் என்று. கை எழவே இல்லை. கேட்டேன். "அவரு ஏதாவது சொன்னாரா?"

"தெரியல."

"கத்துனாரா?"

"தெரியல ஆன்ட்டி. நான் இறங்கவே இல்ல. உங்களைப் பாத்தேன். பயந்துட்டேன். வண்டிய ரிவர்ஸ் எடுத்து ஓடிட்டேன்." மூக்கைத் துடைத்துக்கொண்டான். "போகும்போது கண்ணாடில பாத்தேன். அவரு எந்திரிக்கப் பாத்தாரு. கைய ஊனுனாரு. முடியல. அப்புறம் உங்க பக்கமா திரும்புனாரு. இந்தக் கைய உங்க பக்கம் நீட்டுனாரு. அதுக்கப்புறம் நான் பாக்கல."

இடது கையை நீட்டிக் காட்டினான்.

ஒரு வார்த்தைகூட நான் சந்தேகப்படவில்லை. அவன் சத்தியமா என்று சொல்லவில்லை, நம்புங்க என்று சொல்லவில்லை. அவனுக்கு நல்லது எதுவும் அதில் இல்லை.

"புதன்கிழமை ஸ்டேஷனுக்குப் போறேன்" என்றான்.

கண்டிப்பாகப் போவாயா என்று கேட்க வாய் வரைக்கும் வந்தது. கேட்கவில்லை. "அந்த நாகேஷ் பாப்பா படிப்பு நிக்கக்கூடாது, உங்கப்பன்கிட்ட சொல்லு" என்றேன். தலையாட்டினான். தண்ணீர் வேண்டுமா என்று கேட்டதற்கு வேண்டாம் என்றான். நானும் வற்புறுத்தவில்லை. அவ்வளவு பெரிய மனசு எனக்கு இல்லை.

28 ஏப்ரல், திங்கள்

வேலைக்குப் போகவில்லை. அவருக்கு வலித்திருக்கிறது. கையை ஊன்றி எழப் பார்த்திருக்கிறார். ஒன்றரை வருஷமாக ஊரே சேர்ந்து என்னிடம் சொன்னது பொய்.

என் பக்கம் திரும்பியிருக்கிறார்.

நாள் முழுக்க இடது பக்கமாகவே படுத்துக் கிடந்தேன்.

30 ஏப்ரல், புதன்

வக்கீல் ஃபோன். குரலே மாறியிருந்தது. பையன் அவன் அம்மாவோடு போய் எழுதிக் கொடுத்துவிட்டானாம். அப்பன் போகவில்லையாம். கேஸ் இனிமேல் எப்படிப் போகும், எவ்வளவு நாள் இழுக்கும் என்று கேட்டேன். "உறுதியா ஒண்ணும் சொல்ல முடியாதும்மா" என்றார்.

இந்த மனுஷன் வாயிலிருந்து இப்படி ஒரு பேச்சு இதுதான் முதல் தடவை. நல்லது சார் என்றேன்.

12 மே, திங்கள்

புத்த பௌர்ணமி. விகாரைக்குப் போய்விட்டு வந்து பால் பாயசம் வைத்தேன், ஒரு ஆளுக்கு. அதிகமாகிவிட்டது.

சாயங்காலம் சந்திரம்மா வந்தாள். வாசலில் செருப்பைக் கழற்றாமல் கொஞ்ச நேரம் நின்றாள். "அந்தப் பையன் எங்க தெருதான் அண்ணி. தினம் பாத்திருக்கேன். கேன் போட வருவான். நான் அவனுக்கு மோர் கூடக் கொடுத்திருக்கேன்" என்றாள்.

"உள்ள வா."

வந்து அண்ணன் படத்துக்கு முன்னால் உட்கார்ந்தாள். மெழுகுவத்தி எரிந்துகொண்டிருந்தது. அப்புறம் அவள் பழக்கத்தில் ஆரம்பித்தாள்.

"எது எப்படியோ, வலி தெரிஞ்சிருக்காது அண்ணி. நிச்ச..."

"வலிச்சுது சந்திரா" என்றேன். "கைய ஊனி எந்திரிக்கப் பாத்தாரு. முடியல. என் பக்கம் கைய நீட்டுனாரு."

அவள் என்னைப் பார்த்தாள். யார் சொன்னது, எப்படித் தெரியும் என்று எதுவும் கேட்கவில்லை. "எந்தக் கை?" என்றாள்.

"இடது."

தன் இடது கையைத் தரையில் ஊன்றிப் பார்த்தாள், அப்படியே முன்னால் சாய்ந்து அழுதாள். நான் பாயசத்தை இரண்டு கிண்ணத்தில் ஊற்றிக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தேன்.